செய்தி வரும்வரை தேத்தண்ணி இல்லை

...இன்னும் கொதிக்கட்டும், கேத்தலில் மூன்றாம் தடவையாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிட்டேன், ரேடியோவில் பன்னிரண்டே முக்கால் செய்திக்கு இன்னும் பத்து நிமிடம், அதுவரை இந்தக் குசினியிலிருந்து தேத்தண்ணி வெளியே போகாது. முன்னறையில் ஏலக்காய்ச் சாக்குகளுக்கு நடுவே வாப்பாவும் கொழும்பு வியாபாரி பதுர்தீனும் உட்கார்ந்திருக்கிறார்கள், பலாபத்வல ரோட்டில் அவருடைய லொறி எஞ்சினை நிறுத்தாமல் நிற்கிறது, விலை பேசியாகிவிட்டது, ஆனால் தேத்தண்ணி குடிக்கும்வரை வாப்பா வாக்குக் கொடுக்க மாட்டார், குடித்தபின் மாற்றவும் மாட்டார், அவருடைய வியாபாரம் அப்படி... அந்த ஒரு கோப்பைதான் என் கையில் இருக்கிறது. திரையை விலக்கி, அந்நிய ஆணின் முன்னால் நின்று, இன்று விற்க வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியுமா? எட்டாம் வகுப்போடு வீட்டில் இருத்தப்பட்டவள் நான், நேற்றுத் தனியாகச் சொன்னபோதே வாப்பா சிரித்தார், "பேப்பர் படிச்சிப் படிச்சி ஒனக்கு மூள கொழம்பிட்டு புள்ள."

குழம்பவில்லை. சனிக்கிழமை இங்கிலாந்துக்காரன் தன் பவுண் நாணயத்தின் மதிப்பை இறக்கிவிட்டான், நம் தேயிலை அங்கேதான் போகிறது, நம் மத்திய வங்கி எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கும்? ரூபாயை இறக்கினால் அதே டொலருக்கு இங்கே கூடுதல் ரூபாய், சீனியும் சீத்தைத் துணியும் விலை ஏறும், கொழும்பில் கம்பனிப் பங்கு வாங்கி வைத்தவர்கள் தூக்கம் வராமல் புரளுவார்கள், ஆனால் வெளிநாட்டுக்குப் போகிற ஏலக்காயை வைத்திருப்பவனுக்குப் பயமில்லை. இது பதுர்தீனுக்குத் தெரியாதா? மாதக் கடைசியில் வருகிறவர் இன்று ஏன் வந்தார், அதுவும் பேரம் பேசாமல்?

"என்ன ஸெய்னுலாப்தீன் நானா, தேயிலைய இப்பதான் தோட்டத்துல பறிக்கிறாங்களா?" பதுர்தீன் கேட்கிறார், வாப்பா சிரிக்கிறார், உம்மா என் தோளை இடிக்கிறார், "ஏன்டி மசங்குற, ஊத்திக் குடு." சீனி கரையவில்லை என்று கலக்கிக்கொண்டே இருக்கிறேன், உம்மாவுக்கு எதிலும் அவசரம், ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான், நோன்புக்கு முந்தியே கண்டிக்குப் போய் உன் கல்யாண நகையை வாங்கிடுவமா, பெட்டியில காசு சும்மாதானே கெடக்கு என்றார், பெருநாள் கழியட்டும் உம்மா என்றேன்... நேரமாகிவிட்டது. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறேன்.

இலங்கை ரூபாயின் மதிப்பு இருபது வீதத்தால் குறைக்கப்பட்டுள்ளது... இருபது! நான் பதினைந்து என்றுதான் நினைத்திருந்தேன். முன்னறையில் சாக்கின் வாயை இழுத்துக் கட்டும் சத்தம், பிறகு வாப்பாவின் குரல், "இன்டைக்கி வேணாம் தம்பி. வெலைய விட்டுட்டு, தேத்தண்ணிய மட்டும் குடிச்சிட்டுப் போங்க." பதுர்தீன் எழுந்தார் போலிருக்கிறது. "ஒங்கட வீட்டு ரேடியோ கெட்டிக்கார ரேடியோ நானா." லொறி புறப்பட்டது. வாப்பா திரையருகே வந்து, கையை மட்டும் உள்ளே நீட்டி, "எங்க புள்ள, ஏன்ட தேத்தண்ணி?" என்றார், கோப்பையைக் கொடுத்தேன், சிந்தாமல்.

உம்மா மட்டும் நகரவில்லை. "அப்ப என்னடி ஆகும், பெட்டியில இரிக்கிற காசு?" அது அப்படியேதான் உம்மா, என்றேன். தாள்கள் அப்படியேதான் இருக்கும், தங்கம்தான் இனி எட்டாது, அதோடு கல்யாணமும் தள்ளிப்போகும்... மூன்று நாளாக ஏலக்காயை ஒவ்வொரு சாக்காகக் கணக்குப் பார்த்தவள், அந்தப் பெட்டியை எப்படி மறந்தேன்? மறந்துதான் போனேனா?