ஈரத்தின் மேல் ஒரு கோட்

நாற்பது வருடம் பெயின்ட் அடித்தவன் நான். அடித்ததையெல்லாம் ஒன்றாகப் பரப்பினால் நிலாவுக்கு இரண்டு கோட் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் அதற்கு ஒரு கதவும் அடிக்கலாம். ஆகவே மூன்று வயதுப் பேத்தியின் தோல் அரிப்புக்குக் களிம்பு பூசும் வேலை வந்தபோது, சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் அது.

ஒரு மாதம் பூசினேன். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிவப்பு குறையவே இல்லை. அவள் சொறிகிற சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர், "உங்க வீட்ல ஆசாரி வந்திருக்காரா?" என்றார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மருமகள் சொன்னாள்: "மாமா, இந்தத் தடவையும் சரியாகலன்னா இனிமே நானே பூசிக்கறேன்."

டாக்டரம்மா பேத்தியின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தினமும் பூசறீங்களா?"

"ஒருநாள்கூட விட்டதில்ல."

"எப்படின்னு சொல்லுங்க."

நெஞ்சை நிமிர்த்தினேன். "குளிச்சதும் துண்டால அழுத்தித் துடைச்சு, ஃபேனுக்குக் கீழ அரை மணி நேரம் உக்கார வெச்சு, நல்லா காஞ்சப்புறம் மெல்லிசா ஒரு கோட்."

"அரை மணி நேரமா?"

"ஈரத்து மேல பூசினா உப்பிக்கிட்டு உரிஞ்சு வந்துடுமே."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "என்ன வேலை பாத்தீங்க?"

"பெயின்டர்."

மருமகள் கூரையைப் பார்த்தாள்.

"ஐயா, சுவத்துக்கு ஈரம் ஆகாது. இவ தோலுக்கு அதுதான் வேணும். தண்ணிய ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. ஈரம் காயறதுக்குள்ள, மூணு நிமிஷத்துல, தாராளமா பூசிடுங்க."

"இனிமே யாரு பூசறது டாக்டர்?" என்றாள் மருமகள்.

"இவரே பூசட்டும். ஒருநாள்கூட விடாத ஆள் லேசுல கிடைக்க மாட்டாங்க."

மூன்று நிமிடம் என்று சொல்வது சுலபம். குளியலறையிலிருந்து நழுவி ஓடுகிற ஈரப் பிள்ளையைப் பிடிக்கவே இரண்டு நிமிடம் போய்விடும். முதல் வாரம் நான் ஓடிய ஓட்டத்துக்கு ஏதாவது ஒரு தேசம் பதக்கம் கொடுத்திருக்க வேண்டும். மேஜைக்கு அடியில் படுத்தபடியே முதுகுக்குப் பூசியிருக்கிறேன்.

பத்தாம் நாள், பேத்தி தரையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வேலையாக இருந்தன.

"அரிக்குதாடி?" என்று கேட்டேன்.

முழங்கையை மடக்கிப் பார்த்தாள். முழங்காலைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க, தாத்தா?" என்றாள்.