நூற்றெட்டுத் தோப்புக்கரணம்

இந்தக் காலோடு ஐம்பத்தொரு வருடம் இருந்துவிட்டேன், எங்கே நோகிறது என்று ஒருநாளாவது அதைக் கேட்டேனா? தொடையில் ஒட்டியிருந்த வயர்களைப் பார்த்தபடி வசந்தமலர் நினைத்துக்கொண்டாள். பக்கத்துத் திரையில், தசை இழுப்பதைக் காட்டும் இரண்டு பச்சைக் கோடுகள் அசையாமல் கிடந்தன.

"உங்களுக்குப் பழக்கமானபடி குந்தி எழும்புங்கள்," என்றாள் பிசியோதெரபிஸ்ட் ஹெலன்.

வசந்தமலரின் கைகள் தாமாகவே குறுக்காகப் போய்க் காதுகளைப் பிடித்துக்கொண்டன.

ஹெலன் சிரித்துவிட்டாள். "காதும் நோகிறதா?"

"இல்லை. பழக்கம்." பிள்ளையாரைப் பற்றி விளக்க அவளுக்கு அலுப்பாக இருந்தது. நிமிர்ந்த முதுகோடு இறங்கினாள். மேல்கோடு துள்ளியது. முழங்கால் எரிந்தது.

"அது முன்தொடை. உடம்பு நேராக நின்றால் அதுதான் கூடுதலாக இழுக்கும், முழங்காலும் நெரியும். இப்போது பின்னால் கதிரை இருப்பதுபோல் இடுப்பைத் தள்ளி, நெஞ்சை முன்னால் சாய்த்து இறங்குங்கள்."

மேல்கோடு தணிந்தது. கீழ்க்கோடு எழுந்தது. பின்தொடையும் புட்டமும் இறுகின. நோவு பாதியாகக் குறைந்தது.

"இப்படி அரைவாசிக்கு மட்டும், பத்துத் தரம். முழுக்கக் குந்தவே வேண்டாம். மீறினால் வேலையில் நிற்க முடியாமல் போகும்."

அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஷிப்டுக்குப் பதினான்கு கட்டில்கள். அந்த வேலையும் போனால் வீட்டைவிட்டு வெளியே போக அவளுக்கு ஒரு காரணமும் இராது.

தோர்ண்டன் ஹீத்தில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, கணவர் கிருஷ்ணராசா வேட்டியோடு நின்றார்.

"எங்கை இவ்வளவு நேரமும்? தம்பிக்கு விசா கிடைச்சிட்டுது! சீலையை மாத்தும், ஆறு மணிப் பூசைக்குப் போய் நேர்த்தியை முடிச்சிடுவம்."

தன் தம்பி பிரதாபனுக்கு விசா கிடைத்தால் மலர் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுவாள் என்று மூன்று வருடத்துக்கு முன் அவர் நேர்ந்திருந்தார். அவளைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் நேர்வது அவர், நிறைவேற்றுவது அவள். கடை திறந்ததற்கு ஆறு வெள்ளி விரதம், மகனின் பள்ளிக்கூடச் சோதனைக்கு அடிக்கு அடி விழுந்து கும்பிட்டுக் கோயிலைச் சுற்றி அடி அழித்தது, எல்லாம் அப்படித்தான்.

"குந்த வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம்."

"வெள்ளைக்காரிக்குப் பிள்ளையாரைத் தெரியுமே?"

"என்ர முழங்காலைத் தெரியும்."

"சரியப்பா, ஆறுதலாப் போடும். ஆர் மணிக்கூட்டோடை நிக்கினம்? வேணுமெண்டால் கொஞ்சம் குனிஞ்சு போடுமன், பிள்ளையார் என்ன மார்க்ஸ் குறைக்கவே போறார்?"

சாய்ந்து போட்டால் ஒருவேளை ஏலும். இத்தனை வருடமும் அவள் அப்படித்தானே செய்து வந்தாள். நொந்த இடத்திலிருந்து நோகாத இடத்துக்குப் பாரத்தை மாற்றி, பிறகு அந்த இடமும் நோகும்வரை. இறக்கி வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை. கோபம் வருமென்று பார்த்தாள். வரவில்லை. களைப்புத்தான் வந்தது.

"என்ன யோசினை? வெளிக்கிடும்."

அவள் கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள்.

"கோயிலுக்கு வாறன். கும்பிடுறன். தோப்புக்கரணம் நான் போடமாட்டன்."