ஐயா போன கதை

"மீன்காரன் கீழ நிண்டு கூப்பிட்டவன். ஐயா படுக்கையில இருந்தபடியே, 'பிள்ளை, பாரையெண்டால் மட்டும் வாங்கு' எண்டவர்," என்று கனகேஸ்வரி மறுபடியும் தொடங்கினாள்.

கிருலப்பனையிலிருந்து வந்த நேசமலர் மாமி அவளுடைய கையைப் பிடித்தபடி பாயில் இருந்தாள். கோட்டையில் குண்டு வெடித்ததிலிருந்து காலி வீதியில் பஸ்களை மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். மாமியின் மற்றக் கையில் அடையாள அட்டை இன்னும் இருந்தது.

கிடத்தியிருந்த தகப்பனின் உடலுக்குத் தலைமாட்டில், சுவரோரமாக நின்று இராசரத்தினம் தமக்கை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். இருபது வருடமாகக் கதை எழுதுகிறவன். இரண்டு தொகுதிகள் வந்திருந்தன. அக்கா அவற்றில் ஒரு கதையைக்கூட முழுதாக வாசித்ததில்லை. ஆனால் காலையிலிருந்து வந்தவர்கள் "என்னெண்டு நடந்தது?" என்று கேட்கக் கேட்க அவள் சொன்னாள். சொல்லச் சொல்லக் கதை திருந்தியது. முதல் தடவை டாக்டரைப் பற்றி நிறையச் சொன்னாள். கேட்டவரின் கண் வாசலுக்குப் போனது. அடுத்த தடவை டாக்டரே வரவில்லை. இப்போது ஐயா மீன் விலைக்குச் சண்டை பிடித்ததைச் சொல்லி மாமியைச் சிரிக்கவைத்தாள். சிரிப்பு அடங்குமுன் குரலைத் தாழ்த்தினாள்.

"பிறகு மணிக்கூட்டைப் பாத்திட்டு, 'சின்னவன்ரை கனடாவில இப்ப என்ன நேரம் பிள்ளை?' எண்டவர். அவ்வளவுதான் மாமி."

மாமி குலுங்கி அழுதாள். கீழ்வீட்டு லுத்பியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இராசரத்தினத்துக்கு நெஞ்சு எரிந்தது. ஐயா போனபோது பக்கத்தில் இருந்தவன் அவன். அக்கா குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். ஐயா எதையும் கேட்கவில்லை. அவன் ஒரு கதையின் முடிவை வெட்டித் திருத்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்தபோது மூச்சு இல்லை. கனடா நேரத்தை ஐயா தினமும் கேட்கிறவர்தான். வேறொரு நாளின் கேள்வியைத் தூக்கி அக்கா கடைசியில் வைத்துவிட்டாள். அங்கேதான் வைக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அதே கேள்வியைக் காது புளிக்கக் கேட்டவன் அவன். ஒரு நாளும் அது அவனுக்கு ஒரு கதையின் வரியாகத் தோன்றியதில்லை.

"ஐயா அப்பிடி ஒண்டும் கேக்கேல்லை," என்றான். "நான்தானே பக்கத்தில இருந்தனான்."

மாமி அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "அதுக்கு இப்ப என்ன தம்பி?"

கொட்டாஞ்சேனையிலிருந்து ஐயாவின் சிநேகிதர் றேமண்ட் மாஸ்டர் வந்து கேட்டபோது, "தம்பியிட்டைக் கேளுங்கோ," என்று கனகேஸ்வரி எழுந்து போனாள்.

இராசரத்தினம் நடந்ததை நடந்தபடி சொன்னான். மாஸ்டர் தலையை ஆட்டினார். "ஓம், வயசும் போயிட்டுதுதானே," என்றுவிட்டு இருக்கக் கதிரை தேடினார்.

மத்தியானம் கனடாவின் ரொறன்ரோவிலிருந்து தம்பி வரதராசா போன் எடுத்தான். அகதி வழக்கு முடியும்வரை அவன் அங்கிருந்து அசைய முடியாது.

"அண்ணை, ஐயா கடைசியா என்ன சொன்னவர்?"

அந்த வரி இராசரத்தினத்தின் நுனி நாக்குவரை வந்தது. அது அக்காவுடையது. எடுக்க மனம் வரவில்லை.

"ஒண்டும் சொல்லேல்லையடா. நித்திரையில போயிட்டார்."

"அக்காவிட்டைக் குடுங்கோ."

கனகேஸ்வரி ரிசீவரை வாங்காமல் அவனைப் பார்த்தாள்.

"நீ சொல்லக்கா," என்றான்.

வாங்கினாள். மீன்காரனில் தொடங்குவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் மீன்காரனைக் கூப்பிடவில்லை. மணிக்கூட்டையும் தொடவில்லை.

"வரதன், நீ அனுப்பின சுவெற்றரைப் போட்டுக்கொண்டுதான்டா படுத்திருந்தவர். இந்த வெக்கைக்குள்ளையும்."

அது உண்மை. குளிப்பாட்டுமுன் அந்தச் சுவெற்றரின் பொத்தான்களைக் கழற்றியவன் இராசரத்தினம்தான்.

தம்பி வாய்விட்டு அழுவது சுவரோரம்வரை கேட்டது. கனகேஸ்வரி அவசரப்படவில்லை; அழுகை ஓயட்டும் என்று பொறுத்திருந்தாள். வயர் எட்டாமல் ஒரு பக்கம் சரிந்து நின்றாள். இராசரத்தினம் போன் இருந்த சின்ன மேசையை அப்படியே தூக்கி அவளருகே வைத்தான். ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டான்.