தேள் டாக்டர் வளர்த்த ஆண் தேள்

வாட்ச் ரிப்பேர்க்காரருக்குத் தெருவில் தேள் டாக்டர் என்று பெயர். கடையில் மூன்று மாதமாக ஓடாத கடிகாரங்கள் கிடந்தாலும், தேள் பேச்சை எடுத்தால் மனிதரின் வாய் நிற்காமல் ஓடும். கல்லுக்கடியில் குடியிருக்குமாம், கரப்பானும் சிலந்தியும் தின்னுமாம். இடுக்கிக்கை பருத்த கருந்தேள் சாதுவாம், மெலிந்த செந்தேள்தான் பொல்லாததாம்.

அந்தச் சாதுவில் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் கொண்டுவந்து, மனைவியின் தையல் மிஷின் பக்கத்திலேயே வைத்தார். அவள் அன்றே சொல்லிவிட்டாள்: "ஒண்ணுதான். ரெண்டாவது வந்தா, நீங்களும் அதுங்களும் கடையிலேயே குடியிருங்க."

"ஆண் தேள்டி. பார்த்தாலே எனக்குத் தெரியாதா?"

நேற்றுக் காலை பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ஆண்பிள்ளைத் தேளின் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குட்டிகள் நெளிந்தன.

"இங்க வாங்க. உங்க ஆண் தேள் பிள்ளை பெத்திருக்கு."

அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். "சில இனத்துல அப்பாவும் சுமக்கும்..."

"அட, பெத்த பிள்ளையை ஒரு நாள் தூக்காத மனுஷன் சொல்றாரு! கிளம்புங்க."

தலையணையையும் அவளே அவர் கக்கத்தில் செருகிவிட்டாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் படியிறங்குவதை ஜன்னலில் நின்று பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி விடுவாளா?

"என்ன டாக்டர், பிள்ளைங்க ஆணா பெண்ணா?"

"தெரியலம்மா" என்றார் தேள் டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தையை மனைவி கேட்டதே இல்லை.