ஃப்ரேமுக்கு வெளியே ஒரு சிவப்புப் பக்கெட்

எங்கள் குழுவில் மொத்தம் மூன்று பேர். இயக்குகிறவன் தாடி. கேமரா பிடிக்கிறவள் நெட்டை. கத்துகிறவள் நான். டைட்டிலில் தயாரிப்பாளர் என்று போடுவார்கள். ஆனால் அனுமதி வாங்குவது, பேட்டரிக்குச் சார்ஜ் போடுவது, தாடிக்குப் பசித்தால் பன் வாங்கிக் கொடுப்பது, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவு செய்வது, எல்லாம் என் தலையில்தான். அத்தனையும் செய்கிறவளுக்குக் கத்தக்கூட உரிமை இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

கடைசி வருடத்துக்கான ஆவணப்படம். பன்னிரண்டு நிமிடம். வகுப்பில் பதினாறு குழுக்கள், அதில் தேறும் ஐந்து படங்களை மட்டும் நகரத்துப் பெரிய தியேட்டரில் போடுவார்கள். நிஜத் திரை, நிஜக் கூட்டம். வீடில்லாதவர்களைப் பற்றி எடுப்போம் என்று தாடி சொன்னபோது, "எல்லாரும் அதைத்தாண்டா எடுப்பாங்க" என்று சண்டை போட்டவள் நான்தான். பிறகு மடிப்பு அக்காவைப் பார்த்தோம். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

அவருக்குப் பெயர் இருக்கிறது. படத்தில் போட வேண்டாம் என்றார், அதனால் இங்கேயும் வேண்டாம். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. விடியற்காலையில் ஆரம்பித்து மதியம் ஒரு மணி வரைக்கும் முந்நூறு விரிப்பு மடிப்பார். அவர் குடியிருந்த வரிசையைச் சாலை அகலப்படுத்துகிறோம் என்று இடித்த நாளிலிருந்து, இரண்டு வருடமாக, பேருந்து நிலையத்தின் ஏழாவது பிளாட்பாரத்து பெஞ்சில்தான் படுக்கை. கையில் கிடைக்கிற எதையும் மடித்துவிடுவார். டிக்கெட், காகிதப் பை, நாங்கள் தின்றுவிட்டுப் போட்ட பிஸ்கட் உறை, எல்லாம் அவர் கையில் சின்னச் சதுரமாகிவிடும். "சும்மா இருக்க மாட்டேங்குதும்மா இந்தக் கை" என்பார்.

ஒன்பது நாள் படப்பிடிப்பு. புதன்கிழமை தொடங்கி, அடுத்த வியாழக்கிழமை மாலை கல்லூரிக்குக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் என் பழைய அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன பருவத்தில் நாங்கள் எடுத்தது கதைப்படம். கதாநாயகன் பாதிப் படப்பிடிப்பில் யாரையும் கேட்காமல் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றான். படத்தில் மீசையோடு கதவைத் திறப்பான், மீசையில்லாமல் உள்ளே வருவான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதவுக்குப் பின்னால சலூன் இருக்குபோல" என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி என் படத்தில் ஒரு மயிரிழைகூட மாறக்கூடாது என்று.

இரண்டாம் நாள் போய்ப் பார்த்தால், அக்கா தலைக்குக் குளித்து, நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஏழாவது பிளாட்பாரத்தை விட்டு மூன்றாவதில் உட்கார்ந்திருக்கிறார்! முதல் நாள் பாதிக் காட்சியைப் பச்சை ஸ்வெட்டரில் எடுத்தாயிற்று. எனக்கு மூக்குக்கு மேல் வந்தது கோபம்.

"அக்கா! என்னக்கா இது? அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் எதையும் மாத்தாதீங்கக்கா. அதே ஸ்வெட்டர், அதே பெஞ்சு, அதே பை. எது மாறினாலும் படம் கெட்டுடும். புரியுதா?"

"இல்லம்மா, அங்க லைட்டு ரிப்பேரு பண்ணாங்க, அதான்..."

"என்ன வேணா பண்ணட்டும். நீங்க மாறாதீங்க."

அவர் தலையாட்டினார். "சரிம்மா. மாத்தல." ஆவணப்படத்தில் மனிதர்கள் மாறினால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் என் மண்டைக்குள் இருந்ததெல்லாம் மீசைதான்.

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. தினமும் அதே பச்சை ஸ்வெட்டர், அதே பெஞ்சு. எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு 'ஃப்ரேம்', 'டேக்' எல்லாம் அவருக்கே பழகிவிட்டன. நெட்டை எடுத்த காட்சிகளைத் திரையில் ஓட்டிப் பார்த்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது! ஒரே ஒரு தொல்லை. திங்கட்கிழமையிலிருந்து ஃப்ரேமின் வலது ஓரத்தில் சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. போய்ப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்.

"எவன் பக்கெட்டுடா இது!" என்று கத்திவிட்டு, காலாலேயே ஒரு உதை விட்டேன். அது உருண்டு சுவரோரம் போய் நின்றது. அக்கா அப்போது முகம் கழுவப் போயிருந்தார். மறுநாள் பார்த்தால் அது மறுபடியும் தூணுக்குப் பின்னால், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஓரம் மட்டும் தெரிந்தது. போய்த் தொலைகிறது என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள், வியாழக்கிழமை. மதியம் இரண்டரைக்குக் கடைசிப் பேட்டி. அக்காவின் காலரில் வயர் இல்லாத குட்டி மைக்கைக் குத்தினேன். அரைமணி நேரம் மற்றக் கேள்விகள் ஓடின. தாடி இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வியைக் கேட்க வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கேள்விக்கு அக்கா அழுவார், நெட்டை மெல்ல முகத்துக்கு நெருக்கமாகப் போவாள், படம் முடியும். அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதி வைத்திருந்தோம்.

தாடி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "அக்கா, உங்களுக்குன்னு ஒரு ரூம் கிடைச்சா, முதல்ல என்ன பண்ணுவீங்க?"

அக்கா சிரித்தார். "கிடைச்சா என்னப்பா கிடைச்சா? அதான் கிடைச்சிருச்சே."

நெட்டை கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள்.

அக்கா பைக்குள் கையை விட்டு, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். வேலைக்குப் போகிற பெண்களுக்கான விடுதியில் இடம் கேட்டு எப்போதோ எழுதிப் போட்டிருந்தாராம். "சனிக்கிழமையே லாண்டரிக்கு லெட்டர் வந்துச்சு. சூப்பர்வைசர் படிச்சுச் சொன்னாரு. வியாழக்கிழமை சாயந்திரத்துக்குள்ள வந்து சாவி வாங்கிக்கணுமாம். நான் அன்னிக்கே போயிருப்பேன். நீதான் வியாழன் வரைக்கும் எதையும் மாத்தாதேன்னு சொல்லிட்டியே. படம் கெட்டுடும்ல? அதான், இன்னிக்கு நீங்க முடிச்சதும் போகலாம்னு இருக்கேன்."

விரல் விட்டு எண்ணினேன். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஐந்து ராத்திரி. அறை ஒன்று தனக்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்தும் அந்தப் பெண்மணி, என் படத்துக்காக, இந்த இரும்பு பெஞ்சில் படுத்திருக்கிறார்.

கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். இரண்டாம் மாடி, அறை எண் பதினான்கு. கீழே கடைசி வரியில் இருந்தது: வியாழன் மாலை நான்கு மணிக்குள் நேரில் வந்து கையெழுத்திடாவிட்டால், அறை, பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும்.

"நாலு மணிடா!" என்று அலறினேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. "மணி என்ன?"

"மூணு பத்து" என்றான் தாடி.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். நெட்டை கேமராவை முக்காலியோடு தோளில் தூக்கிக்கொண்டாள். தாடி பைகளை எடுத்தான். அக்கா மட்டும் எதிர்த்திசையில், தூணை நோக்கி ஓடினார்.

"எங்கக்கா போறீங்க!"

"இரும்மா, என் பக்கெட்டு!"

தூணுக்குப் பின்னாலிருந்து அந்தச் சிவப்புப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். டாக்சியில் நாங்கள் நாலு பேரும் அடைந்து உட்கார்ந்தபோது அது என் மடியில் இருந்தது. முக்காலியின் ஒரு கால் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர், "வீடு காலி பண்றீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, குடி போறோம்!" என்றார் அக்கா. அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் ஒன்பது நாளில் ஒருமுறைகூடப் பதிவு செய்திருக்கவில்லை.

"லெட்டர் வந்த மறுநாளே வாங்கிட்டேன்" என்று பக்கெட்டைத் தடவினார். "புதுசா ஒண்ணு உள்ள வந்தா உனக்குப் பிடிக்காதேன்னு ஃப்ரேமுக்கு வெளியவே வெச்சிருந்தேன். எந்தப் பாவியோ உதைச்சிருக்கான் பாரு, கீறல் விழுந்துடுச்சு."

"நான்தான் அக்கா அந்தப் பாவி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "என் கை மாதிரியே உன் காலும் சும்மா இருக்காதா?" எனக்கு அழுகை வந்தது. வெட்கம், கோபம், எல்லாம் என் மேலேயே. ஆனால் அழ நேரமில்லை. முன்னால் ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது, சிக்னலில் மூன்று முறை சிவப்பு விழுந்தது. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஊரில் இருந்த எல்லோரையும் திட்டினேன். ஓட்டுநருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "பிடிச்சுக்கோங்க" என்று ஒரு சந்துக்குள் திருப்பினார். பக்கெட் என் தாடையில் மோதியது.

விடுதி வாசலில் இறங்கியபோது மூன்று ஐம்பத்து இரண்டு.

வார்டன் அம்மா பதிவேட்டை மூடுவதற்குத் தயாராக இருந்தார். அக்காவைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், பிறகு நெட்டையின் இடுப்பருகே ஓடிக்கொண்டிருந்த கேமராவைப் பார்த்தார்.

"அது என்ன? இது பொம்பளைங்க தங்கற இடம். கேமராவோட யாரும் உள்ள வரக்கூடாது."

"ரெண்டே நிமிஷம் மேடம்" என்று தாடி கெஞ்சினான். "கையெழுத்து போடறதை மட்டும். அவங்க சாவி வாங்கறதை மட்டும்."

"முதல்ல அதை அணைச்சுட்டு வெளிய போங்க. அப்புறம்தான் இந்தம்மா கையெழுத்து."

"காலேஜ் லெட்டர் இருக்கு மேடம், பாருங்க..."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தாறு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு நொடி எனக்கும் ஆசை வந்தது. இப்படி ஒரு முடிவு எந்தக் குழுவுக்குக் கிடைக்கும்? தியேட்டரே எழுந்து நின்று கைதட்டும். ஒரே ஒரு காட்சிதானே! அடுத்த நொடி, எட்டு மடிப்பு விழுந்திருந்த அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். உள்ளங்கையை அப்படியே லென்ஸின் மேல் வைத்து மூடினேன்.

"அணை, நெட்டை! டேய், வாயை மூடிட்டு வெளிய வா!"

இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக வாசலுக்குத் தள்ளினேன். வார்டன் அம்மா பேனாவை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. திரும்பி, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, படம் கெட்டுடாதே? இப்ப மாத்தலாமா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். அப்படிக் கத்தியதில்லை.

"மாத்துங்கக்கா! எல்லாத்தையும் மாத்துங்க!"

அவர் கையெழுத்துப் போட்டார். சாவியை வாங்கிக்கொண்டார். இரண்டு பைகள் ஒரு கையில், பக்கெட் இன்னொரு கையில், மாடிப்படி ஏறிப் போனார்.

நாங்கள் மூவரும் வெளியே நடைபாதையில் உட்கார்ந்தோம். தாடி தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். "முடிவே இல்லாத படம்" என்றான். கழுத்தில் தொங்கிய ஹெட்போனை அப்போதுதான் கவனித்தேன். உள்ளேயிருந்து மெல்லிசாகச் சத்தம் வந்தது. காதில் வைத்தேன். மைக்! அக்காவின் காலரில் குத்திய மைக்கை யாருமே கழற்றவில்லை. என் பையில் பதிவுக் கருவி பேட்டியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

காலடிச் சத்தம். மூச்சு வாங்குவது. பூட்டில் சாவி. கதவு. பக்கெட்டைத் தரையில் வைக்கிற சத்தம். அப்புறம், தாழ்ப்பாள். உள்ளேயிருந்து போட்ட தாழ்ப்பாள். திறந்தார். மறுபடி போட்டார். திறந்தார். மறுபடி போட்டார். அப்புறம் சிரிப்பு, தனியாக, யாருக்காகவும் இல்லாத சிரிப்பு. தாடியின் கேள்விக்குப் பதில் அதுதான். நான் சட்டென்று கருவியை அணைத்துவிட்டேன். அவருடைய அறை அது, நமக்கு அங்கே என்ன வேலை?

கால்மணி நேரம் கழித்து அக்கா கீழே வந்தார். நீல ஸ்வெட்டருக்கு மாறியிருந்தார். கையில் மைக். "இதை மறந்துட்டேன்மா. எல்லாம் கேட்டுச்சா?"

"தாழ்ப்பாள் வரைக்கும் கேட்டுச்சுக்கா. மன்னிச்சுக்கோங்க. அழிச்சுடவா?"

அவர் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார். "நல்ல தாழ்ப்பாள்" என்றார். "போட்டுக்கோ. நாலு பேரு கேக்கட்டும்."

படத்தின் முடிவில் திரை கருப்பாகிறது. தாழ்ப்பாள் மூன்று முறை. அவ்வளவுதான். பேராசிரியர் பார்த்துவிட்டு, "ஆறாவது நிமிஷத்துல வலது ஓரத்துல சிவப்பா ஏதோ தெரியுது. வெட்டிடும்மா, உறுத்துது" என்றார். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. "அப்ப இருக்கட்டும்" என்றார்.

தேறிய ஐந்து படங்களில் எங்களுடையதை நாலாவதாகப் போட்டார்கள். தியேட்டரில் அக்கா எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலைச் சின்னச் சதுரமாக மடித்துக்கொண்டிருந்தார். ஆறாவது நிமிடம் வந்தது. திரையில் பத்தாள் உயரத்துக்கு அக்கா, பெஞ்சில், பச்சை ஸ்வெட்டரில். மொத்தக் கூட்டமும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அதோ!" என்று திரையின் ஓரத்தைக் காட்டிக் கத்தினார், என்னைவிடச் சத்தமாக. "அதோ பாரு, என் பக்கெட்டு!"