முப்பத்தேழாம் நம்பர் கால்

பூங்காவனத்தின் கால் ஆம்பூரில் பேர் வாங்கிய கால். ஆடிப் பேர் வாங்கவில்லை, ஓடிப் பேர் வாங்கவில்லை. சும்மா நீட்டியே வாங்கியது. ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் மேல்தோல் தைக்கும் வரிசையில் நின்றபடி மிஷின் ஓட்டுகிறவள் அவள். ஆனால் புது மாடல் எது வந்தாலும் சாம்பிள் ரூமிலிருந்து அவளுக்குத்தான் ஆள் வரும். பெண்கள் ஷூவில் முதல் ஜோடியை முப்பத்தேழாம் நம்பரில்தான் தைப்பார்கள். அது காலில் ஒழுங்காக உட்கார்ந்த பிறகுதான் மற்ற நம்பர்களைக் கூட்டியும் குறைத்தும் வெட்டுவார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இருநூறு பெண்களை வரிசையில் நிறுத்தி அளந்தபோது, நூல் பிசகாமல் முப்பத்தேழு வந்தது அவள் காலுக்குத்தான். அன்றிலிருந்து கம்பெனியில் பாதிப் பேருக்கு அவள் பேரே முப்பத்தேழு.

பெருமை இருக்காதா? இருந்தது. கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. ஏசி அறை, மெத்தை வைத்த நாற்காலி, இன்ஜினியரிங் படித்த மேனேஜர் சூரியபிரகாஷ் தரையில் குத்துக்காலிட்டு அவள் கட்டைவிரலை அமுக்கிப் பார்ப்பது, இதெல்லாம் வேறு யாருக்குக் கிடைக்கும்? அவள் புருஷன் முத்துக்குமார் ஆட்டோ ஓட்டுகிறவன், இரண்டு பிள்ளைக்கு அப்பன் ஆன பிறகும் வாய் சும்மா இருக்காது. "அம்மி மிதிச்ச அன்னிக்கு நான் ஒரே ஒரு தபா உன் காலைப் புடிச்சேன். உங்க மேனேஜரு மாசத்துக்கு நாலு தபா புடிக்கிறாரு. யாரு அதிர்ஷ்டக்காரன், நீயே சொல்லு!" என்பான். அவளும் சளைத்தவள் இல்லை. போன ஆடியில் தீமிதிக்குக் காப்புக் கட்டச் சொன்னபோது, "காலு கம்பெனியோடது, ஆத்தா மன்னிச்சுக்குவா" என்று நழுவிவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட காலை வேலூர் லாங் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்காரர் அவமானப்படுத்திவிட்டார். அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்கு நல்லதாக ஒரு ஜோடி வாங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போயிருந்தாள். கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"அஞ்சு நம்பர் எடுக்கட்டுமாம்மா?"

"நாலு. கம்பெனியில முப்பத்தேழுன்னா கடையில நாலு. எனக்கே சொல்றீங்களா?"

"முப்பது வருஷமா காலுதாம்மா பாக்குறேன். ஆள் மூஞ்சி மறந்துடும், காலு மறக்காது. அஞ்சு போட்டா சொகமா இருக்கும்."

"நாலு எடுங்கன்றேன்ல!"

எடுத்தார். குதிகால் விளிம்பில் தொங்கியது, சுண்டுவிரல் வாருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு, "கச்சிதமா இருக்கு" என்றாள். கோட்டை வாசல் தாண்டி ஆட்டோவுக்கு வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. "இன்னா, முள்ளு குத்திச்சா?" என்று கேட்ட முத்துக்குமாரை முறைத்தாள். பஜார் சரக்கு, அளவாவது ஒண்ணாவது என்று மனசுக்குள் திட்டினாள். ஊரில் உள்ள செருப்பெல்லாம் தப்பு, தன் கால் ஒன்றுதான் சரி என்று அவள் மனசார நம்பினாள். பாவம், எட்டு வருஷமாக எல்லாரும் அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை சாம்பிள் ரூமில் வேறு பேஜார் காத்திருந்தது. சூரியபிரகாஷ் கையில் ஜெர்மனியிலிருந்து வந்த மெயில். போன சீசனில் அனுப்பிய பெண்கள் ஷூ லூஸாக இருக்கிறதாம். நடந்தால் குதிகால் கழன்று வருகிறதாம். ஜனங்கள் கடையில் திருப்பிக் கொடுக்கிறார்களாம்.

"ரெண்டு சீசனா இதே கம்ப்ளைன்ட் மாஸ்டர். மிஷின் பாத்தாச்சு, தோல் பாத்தாச்சு, ஒண்ணும் தப்பில்ல. அப்ப பேட்டர்ன்தான் தப்பு."

சாம்பிள் ரூம் மாஸ்டர் அப்துல் வஹீதுக்கு முகம் கறுத்துவிட்டது. பேட்டர்ன் வெட்டுவதில் இருபது வருஷம், ஒரு தபாகூட அவர் மேல் புகார் வந்ததில்லை. மேஜையிலிருந்த லாஸ்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷூவை இழுத்துக் கட்டுகிற பிளாஸ்டிக் கால் அது. அதன் பக்கவாட்டிலும் நுனியிலும் சின்னச் சின்னத் தோல் ஒட்டுகள்.

"லாஸ்ட்டு டைட்டாத்தானே சார் இருந்திச்சு. டிரையல்ல டைட்டுன்னு வரும்போதெல்லாம் கொஞ்சம் ஒட்டி ஒட்டிப் பெருசு பண்ணேன். இப்ப எப்படி லூஸாவும்?"

நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பூங்காவனம் காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். டைட்டு என்று சொன்னது யார்? அவள்தான். இங்க லேசா புடிக்குது மாஸ்டர், அங்க கொஞ்சம் அமுக்குது மாஸ்டர் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னது அவள் வாய்தான். வஹீத் பாய் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார். அவள் சொன்னால் சொன்னதுதான். தோலை அளந்தார்கள், நூலை அளந்தார்கள், மிஷினைப் பிரித்து மேய்ந்தார்கள். அவள் காலை மட்டும் எட்டு வருஷமாக யாரும் அளக்கவில்லை. தராசையே யாராவது எடை போடுவார்களா?

செருப்புக் கடைக்காரர் சொன்ன அஞ்சு, காதுக்குள் மணியடித்தது.

"மலையேற்ற பூட்ஸ் ஆர்டரும் இந்த ஜெர்மனிக்காரங்களோடதுதான், பன்னெண்டாயிரம் ஜோடி" என்றார் சூரியபிரகாஷ். "வியாழக்கிழமை அவங்க ஆளு மார்த்தா மேடம் நேர்ல வர்றாங்க. இதுவும் லூஸுன்னு வந்திச்சுன்னா, மாஸ்டர், நீங்க சாம்பிள் ரூமை விட்டுட்டு கட்டிங் பக்கம் போய்டுங்க. எனக்கு வேற வழியில்ல."

வஹீத் பாய் தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் பூங்காவனத்தின் முன்னால் குந்தி, புது பூட்ஸை அவள் காலில் மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினார். "எப்படிம்மா இருக்கு? பாத்துச் சொல்லு. உன் காலை நம்பித்தான் இருக்கேன்."

அந்த பூட்ஸ் அவள் காலுக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் போட்ட எதுவும் அப்படி உட்கார்ந்ததில்லை. "கச்சிதம் மாஸ்டர்" என்றாள். பொய் இல்லை. ஆனால் அன்று முழுக்க அவள் மிஷினில் தையல் கோணிக்கொண்டே போனது.

சொல்லிவிட்டால்? முப்பத்தேழு போய்விடும். நாற்காலி போய்விடும். பேக்கிங்கில் இருக்கிற சங்கீதாவுக்கு இருபத்திரண்டு வயசு, தன் காலும் முப்பத்தேழுதான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். சொல்லாவிட்டால் வஹீத் பாய் போவார். மூன்று நாளும் இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள்.

வியாழக்கிழமை மார்த்தா காலையில் வந்தாலும் பூட்ஸைத் தொடவே இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் டிரையல் என்றுவிட்டாள். மலை ஏறுகிறவள் கால் பகலெல்லாம் நடந்து வீங்கியிருக்கும், காலையில் காலுக்குப் பொருந்துகிற பூட்ஸ் சாயங்காலம் கடிக்கும் என்று சூரியபிரகாஷ் விளக்கம் சொன்னார். நாலு மணிக்குக் கனமான கம்பளி சாக்ஸ் வந்தது. பழைய பேக்கிங் பலகைகளை அடித்து வஹீத் பாய் ஒரு சரிவு செய்து வைத்திருந்தார்.

"ஏறும்போது குதிகாலு தூக்கக் கூடாது, எறங்கும்போது வெரலு முட்டக் கூடாது. அவ்ளோதாம்மா மலை" என்றார் மெதுவாக.

பூங்காவனம் புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். குதிகால் அசையவில்லை. இறங்கினாள். விரல் முட்டவில்லை. மார்த்தா தரையில் மண்டியிட்டு, அமுக்கி, நாடாவைத் தளர்த்தி, மறுபடி கட்டி, ஏறச் சொல்லி, இறங்கச் சொல்லி, கடைசியில் வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தாள். பிரமாதம் என்று அவள் சொன்னது யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்தது. சூரியபிரகாஷ் பெருமூச்சு விட்டார். வஹீத் பாய் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தார். ஓகே ஆன சாம்பிளுக்குக் கட்டுகிற பச்சை அட்டையை எடுத்து மார்த்தா பேனாவைத் திறந்தாள்.

தப்பித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்குத் தப்பித்தாயிற்று. ஆனால் பன்னிரண்டாயிரம் ஜோடியும் கப்பல் ஏறின பிறகு, எங்கேயோ ஒரு மலையில் எவளோ ஒருத்திக்குக் குதிகால் கழன்று கொப்புளம் வரும். அன்றைக்கு மெயில் வரும். வஹீத் பாய் மூட்டையைக் கட்டுவார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் பூங்காவனம். "என் காலை அளந்து பாருங்க."

"இன்னாம்மா இப்ப போய்?" என்றார் சூரியபிரகாஷ்.

"அளங்க சார். நான் முப்பத்தேழு இல்ல."

அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்த அளவுப் பலகையை இறக்கினார்கள். பூங்காவனம் பூட்ஸைக் கழற்றிக் காலை வைத்தாள். வஹீத் பாயே குனிந்து தகட்டை விரல் நுனி வரைக்கும் தள்ளினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார். முப்பத்தெட்டைத் தாண்டி நின்றது. அகலம் அதைவிட.

அடுத்து சங்கீதாவைக் கூப்பிட்டு அளந்தார்கள். முப்பத்தேழு, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே பூட்ஸை மாட்டி சரிவில் ஏற்றினார்கள். ஏறும்போது குதிகால் தூக்கியது. இறங்கும்போது கால் உள்ளேயே வழுக்கிப் போய் விரல் நுனியில் டொக்கென்று முட்டியது. "அம்மாடி!" என்று கத்தினாள் சங்கீதா.

பூங்காவனத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "திங்கக்கெழமையே தெரியும் மாஸ்டர். சொல்ல மனசு வரல. இந்த நாற்காலிய விட மனசு வரல" என்றாள், அழுதும்விட்டாள்.

வஹீத் பாய் லாஸ்ட்டில் இருந்த தோல் ஒட்டு ஒன்றை நகத்தால் பிய்த்தார். "எட்டு வருஷமா நீ டைட்டுன்னா நான் பெருசு பண்ணேன். உன் காலு வளருமேன்னு எனக்குத் தோணலியேம்மா!" என்றவர் திடீரென்று சிரித்துவிட்டார். மனுஷன் அடக்கி அடக்கிப் பார்த்தும் முடியவில்லை. சூரியபிரகாஷ் விஷயத்தை இங்கிலீஷில் சொல்ல, மார்த்தா பச்சை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அவளும் சிரித்தாள். இரண்டு பிள்ளை பெற்ற கால், தினம் எட்டு மணி நேரம் நிற்கிற கால், வளராமல் என்ன செய்யும் என்று கேட்டாளாம். தனக்கும் நாற்பது வயசில் ஒரு நம்பர் ஏறியதாம்.

ஒட்டில்லாத பழைய லாஸ்ட்டுக்கே திரும்பிப் போவது, புது சாம்பிளுக்கு ஒரு வாரம் அவகாசம், டிரையலுக்கு சங்கீதா என்று முடிவானது. வஹீத் பாய் மாஸ்டராகவே இருந்தார். பூங்காவனம் மிஷினுக்குப் போனாள். வரிசையில் எவளோ, "இன்னாக்கா, முப்பத்தெட்டு?" என்று கிண்டல் செய்தாள். சிரித்து வைத்தாள். உள்ளே வலித்தது.

ஷிப்ட் முடிகிற நேரம் வஹீத் பாய் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் அந்த பூட்ஸ், பக்கத்தில் கத்தி. கழித்த சாம்பிள் வெளியே போய் விலைக்கு வந்துவிடாமல் இருக்கக் கத்தியால் கிழித்துவிடுவது கம்பெனி வழக்கம்.

"கிழிக்கத்தான் உக்காந்தேன், கை வரல" என்றார். "மேனேஜர் சார்கிட்ட கேட்டேன், சரின்னுட்டாரு. அந்த மேடமும் உனக்குக் குடுக்கலாம்னு கையெழுத்து போட்டுட்டாங்க. எடுத்துக்கினு போ." ஒரு கேட் பாஸை எழுதிக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அங்கேயே உட்கார்ந்து நாலாம் நம்பர் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பூட்ஸை மாட்டிப் புடவைக்குக் கீழே டக் டக் என்று நடந்து வந்தவளைப் பார்த்து, வாசலில் காத்திருந்த முத்துக்குமார் ஆட்டோவைவிட்டு இறங்கியே வந்துவிட்டான்.

"இன்னாது இது? எந்த மலைக்குப் போற?"

"ரேஷன் கடைக்கு" என்றாள்.

கேட்டைத் தாண்டவிடாமல் நிறுத்தினார் செக்யூரிட்டி ராமமூர்த்தி, கறாரான ஆள். பாஸை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பொருள்: மலையேற்ற பூட்ஸ், ஒரு ஜோடி. நிறம்: பிரவுன். அதற்குக் கீழே வந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னாம்மா, நம்பர் போட்ற எடத்துல மாஸ்டர் உன் பேர எழுதியிருக்காரு? 'அளவு: பூங்காவனம்'னு இருக்கு. மாத்தி எழுதிட்டாரா?"

பூங்காவனம் எட்டிப் பார்த்தாள். வஹீத் பாயின் சாய்ந்த கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

"இல்லண்ணே" என்றாள். "இந்த தபா அளந்துதான் எழுதியிருக்காரு."