ஆம்ப்ளர் கேரவன்களில் உறங்கியவர்கள்

ஆம்ப்ளர் கம்பெனியின் கேரவனில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தவர் யாராக இருந்தாலும், அவருடைய அலுப்பு முழுவதும் இங்கிலாந்தின் ஹல் நகரத்து ஹெஸ்ஸில் ரோட்டில் குடியிருந்த வினிஃப்ரெட் ஸ்டாதர்ஸின் உடம்புக்கு வந்து சேர்ந்தது. கம்பெனி நடந்த காலம் வரைக்கும் இது இப்படித்தான் இருந்தது; மூடிய பிறகும் கொஞ்ச காலம் இருந்தது.

கத்பர்ட் ஆம்ப்ளர் முதலில் மீன்பெட்டி செய்துகொண்டிருந்தவர். முப்பதுகளில் மீன் விலை விழுந்து பெட்டிக்குக் கேட்பாரில்லாமல் போனபோது, மிஞ்சிய பலகைகளை வைத்துச் சக்கரத்தின் மேல் சின்னதாக ஒரு வீடு கட்டி, காருக்குப் பின்னால் பூட்டி, வித்தர்ன்சி கடற்கரைக்கு இழுத்துப் போனார். வழி நெடுகப் பூனைகள் கூடவே வந்தன. சாயங்காலத்துக்குள் பல் வைத்தியர் ஒருவர் அதை விலைபேசி வாங்கிவிட்டார். அடுத்த மாதமே கொட்டகையில் ஆறு ஆட்கள் வேலை செய்தார்கள். மெத்தை தைப்பதற்கு வினிஃப்ரெட் வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் கிளெம் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தான். மூன்று வாரம் ஐஸ்லாந்துப் பக்கத்துக் கடலில், மூன்று நாள் வீட்டில். கல்யாணமான புதிதில் அவள் அவனுக்கென்று ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். அதில் படுத்து எழுந்தவன் அன்றைக்கே நடனக் கூடத்துக்குக் கிளம்பினான். அவளால் கெட்டிலைத் தூக்க முடியவில்லை, உள்ளங்கை இரண்டும் கயிறு இழுத்ததுபோல் எரிந்தன. அவளுக்கு அது பிடித்தே இருந்தது. முன்பின் தெரியாதவர்களின் அலுப்பும் அதே வழியில் வந்து சேரும் என்று கம்பெனியில் சேர்ந்தபோது அவள் நினைக்கவில்லை.

வந்தது. போகப் போக எது யாருடையது என்றும் தெரிய ஆரம்பித்தது. சுரங்கத் தொழிலாளி தோளில் இறங்குவான், வாத்தியார் தொண்டையில், பஸ் டிரைவர் பின்கழுத்தில். கைக்குழந்தைக்காரி எங்கே என்றில்லாமல் எங்கும் இறங்குவாள். யுத்தத்தில் ஊர் குண்டுவீச்சில் எரிந்தபோது ஆம்ப்ளர் விற்காமல் வைத்திருந்த வண்டிகளைத் தீயணைப்புக்காரர்கள் படுத்துக்கொள்ளக் கொடுத்தார். அந்த மே மாதம் வினிஃப்ரெட் இரண்டு நாள் கண்ணைத் திறக்கவில்லை. தலையணையெல்லாம் புகை வாடை அடித்தது. அந்த ஆட்களோ காலையில் எழுந்து, முகம் கழுவி, மறுபடி நெருப்புக்குள் போனார்கள்.

யுத்தம் முடிந்து சம்பளத்தோடு லீவும் கிடைக்க, நாடே கடற்கரைக்குப் புறப்பட்டது. ஆம்ப்ளர் வண்டி மற்ற வண்டிகளைவிடக் கனம், மழைக்கு ஒழுகும், கதவு சரியாகச் சாத்தாது. ஆனாலும் ஜனங்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். தேவை பெருகியதால் வேறு இரண்டு பெண்களையும் மெத்தை தைக்க வைத்தார் ஆம்ப்ளர். அவர்கள் தைத்த மெத்தை போட்ட வண்டிகளை வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சும்மா தூக்கம்தான் வருகிறது என்பது புகார். அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தையல் பகுதிக்கு வந்தார்.

"வின்னி, ஆகஸ்ட் மாசம் நீ வேலைக்கு வர வேணாம். சம்பளம் வந்துரும். நல்லாப் படுத்துத் தூங்கு."

"தூங்கித் தீர்ற அலுப்பு இல்ல முதலாளி இது."

"ஏன்?"

"என்னோடது இல்லையே."

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய், நல்ல நாற்காலியாக ஒன்று அனுப்பிவைத்தார். தொழிற்சங்கம் அலுப்புப்படி கேட்டது. எந்த மாவட்டத்து அலுப்புக்கு என்ன விகிதம் என்பதில் பேச்சு நின்றுபோய், ஓவர்டைம் கணக்கில் சேர்த்துக் கொடுத்தார்கள். கிளெம் கடலை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலைக்கு வந்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வறுத்த மீன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

"விட்டுரு வின்னி. போதும்."

"தைச்சுப் போனதுல படுக்கறவன் படுத்துக்கிட்டுத்தான இருப்பான்?"

"புதுசா தைக்காத."

"நான் தைக்கலேன்னா கம்பெனி நிக்காது. தெருவுல பாதிப் பேரு அங்கதான் சோறு திங்கறான். உன் தம்பி உட்பட."

"அவன் எங்க வேலை செய்யறான், பெயிண்ட் டப்பா மேல உக்காந்திருக்கான்."

அன்று முதல் அவள் தைத்த மெத்தையில் அவன் படுக்கவில்லை. தன் பங்கையும் அவள்மேல் ஏற்றக் கூடாதென்று அடுப்படி நாற்காலியிலேயே தூங்கினான். இருபது வருஷத்தில் அவன் முதுகு நாற்காலியின் வளைவுக்கு வந்துவிட்டது.

பெரியவர் ஆம்ப்ளர் காலமானதும் மகன் ரோலண்ட் வந்தான். அவன் ஃபோம் மெத்தைக்கு மாறினான், சுவரைப் பிளாஸ்டிக் ஆக்கினான். வண்டி எடை குறைந்தது, ஒழுகுவதும் நின்றது. இத்தனை நன்றாக வண்டி செய்யத் தொடங்கிய பிறகு வாங்க ஆளில்லை. எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது கம்பெனி மூடப்பட்டது. பழைய வண்டிகள் வயல்வெளிகளில் மக்கின. கோழிகள் அடைந்த மெத்தைகளிலிருந்தும் அலுப்பு வரத்தான் செய்தது, ஆனால் கோழியின் அலுப்பு சொற்பம். வினிஃப்ரெட் சந்தைக்கு நடந்து போய் வந்தாள், பிங்கோ ஆடினாள், இரண்டு தடவை ஜெயித்தாள்.

பத்து வருஷம் கழித்துப் பழைய கேரவன்மேல் ஜனங்களுக்கு மோகம் வந்தது. கொட்டிலிலிருந்து இழுத்து வந்து, துரு சுரண்டி, வர்ணம் பூசி, சங்கம் வைத்து, ஆகஸ்டில் வரிசையாக நிறுத்தினார்கள். வினிஃப்ரெட்டின் தோளும் தொண்டையும் ஒவ்வொன்றாகக் கனத்தன. பிக்கரிங் என்றொரு தம்பதி, மெத்தை மூலை கிழிந்திருக்கிறது, பழைய ஆள் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"மூணு வருஷமா எனக்குத் தூக்கமே கிடையாதும்மா," என்றாள் பிக்கரிங்கின் மனைவி. "இதுல படுத்தா மட்டும் மறுநாள் பறக்கற மாதிரி இருக்கு."

"நீ நர்ஸா? ராத்திரி வார்டா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பாதம்," என்றாள் வினிஃப்ரெட்.

கிளெம் வாயைத் திறந்தான். அவள் மேசைக்கடியில் அவன் காலை மிதித்துவிட்டு, ஊசியை எடுத்து மூலையைத் தைத்துக் கொடுத்தாள்.

அவர்கள் போனதும் கிளெம் கதவை ஓங்கிச் சாத்தினான். பரணிலிருந்து வலை பின்னும் ஊசியை இறக்கினான். கித்தான் துணியை வெட்டி, தன் கம்பளிச் சட்டைகளையெல்லாம் உள்ளே திணித்து, அந்த வாரம் முழுக்க முனகிக்கொண்டே தைத்தான். ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து வந்தது.

"யோவ், இது மெத்தையா, வலையா?"

"படு."

அவள் காலை பத்து மணிக்கு எழுந்தாள். எங்கும் வலிக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அடுப்படிக்கு ஓடினாள். கிளெம் ஷூ கயிற்றைக் கையில் பிடித்தபடி குனிந்த வாக்கில் உட்கார்ந்திருந்தான்.

"கழுத்துல குத்துதே, இது யாரு?"

"பஸ் டிரைவர். லீட்ஸ்காரன்."

"இந்த இடது தோளு?"

"யாருன்னு தெரியல. ரொம்ப நாளா இருக்கான். பழகிரும்."

"நாப்பது வருஷம் இதையா தூக்கிட்டுத் திரிஞ்ச?" என்றான் அவன். அவள் மண்டியிட்டு அவன் ஷூ கயிற்றைக் கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மெத்தையில் அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் படுத்தாள். அதற்கு மேல் கிளெம் எவ்வளவு சொல்லியும் அவள் ஒப்பவில்லை. ரொட்டிக் கடையில் ஒருவர் வரிசையில் நிற்பார், அன்றைக்கு அலுப்பு இறங்கிய மற்றவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆகஸ்ட் பிறந்தால் கடைக்காரி அந்த நாற்காலியில் ஒரு தலையணையும் போட்டு வைப்பாள்.